முழுசா ரெஸ்டோர் பண்ண கார் விற்பனைக்கு! பண்ணது யாரு?

போன மாசம் நம்ம டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விளம்பரம் சுத்தினது ஞாபகம் இருக்கா? 1930களில் செஞ்ச பிரிட்டிஷ் கார். கூரையை மடிச்சு பின்னாடி போட்டுக்கிற மாடல். கறுப்பும் கிரீமும் கலந்த பெயிண்ட், கம்பிச் சக்கரம், பால்குடம் சைஸுக்கு ரெண்டு ஹெட்லைட். கீழே மூணு வரி: ‘முழுமையாக ரெஸ்டோர் செய்யப்பட்டது. ஒரிஜினல் பாடி. விலை நேரில்.’ குரூப்பில் ஒருத்தன் "கிட்னி ரெண்டும் வித்தா டயர் வருமா"ன்னு கேட்டான். இன்னொருத்தன் "மைலேஜ் எவ்ளோ ப்ரோ"ன்னு கேட்டான். நாப்பது சிரிப்பு எமோஜி. அடுத்த பத்து நிமிஷத்தில் இன்டர்னல் மார்க் லிஸ்ட் வந்தது, காரை எல்லாரும் மறந்தாச்சு.

நான் மறக்கல. அந்தப் போட்டோவில் இடது பக்கப் பின் மட்கார்டு தெரியுது பாருங்க, அதைத் தட்டினது எங்க மாமா.

மாமாவுக்கு இங்கே திருவண்ணாமலையில் ஒரு டிங்கரிங் பட்டறை. ஷெட்டுன்னு சொன்னா பொருத்தமா இருக்கும்: நாலு தகரம், ஒரு கேஸ் வெல்டிங் செட், ஒரு வேப்பமரம். கிரிவலம் வந்த வேன் எதிலயாவது இடிச்சா அங்கே வரும், மினி பஸ் வரும், நம்ம ஆளுங்க குப்புறத் தள்ளின பைக்கோட பெட்ரோல் டேங்க் வரும். சில வருஷம் முன்னாடி அவருக்குத் தெரிஞ்ச ஒரு பெயின்டர் மூலமா சென்னையில் ஒரு வேலை வந்தது. பழைய கார், தினக்கூலி, தங்க இடம் உண்டு. மூணு மாசம்னு போனார், பதினாலு மாசம் கழிச்சு வந்தார். அந்தக் கார்தான் இது. ஓனர் பேரோ காரோட பேரோ இங்கே போட மாட்டேன். அது மாமா பிழைப்பு, என் எடிட்டர் தலைவலி.

விளம்பரத்தை மாமாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ‘ஒரிஜினல் பாடி’ன்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"ஒரிஜினல்னா போட்டிருக்காங்க? ஒரிஜினல்லாம் கோணியில கட்டி எடைக்குப் போட்டாச்சேடா மாப்ளே!"

சிரிச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார். எனக்குச் சிரிப்பு வரல. இந்தக் கட்டுரை அதனாலதான்.

முதல்ல ஒரு விஷயம். இந்தக் கார்களை நாம இப்போ பார்க்கிற கார் மாதிரி நினைக்கக் கூடாது. இன்னிக்கு ஒரு ஃபேக்டரி வாசல்ல இரும்புத் தகடு உள்ளே போகும், மறு வாசல்ல கார் வெளியே வரும். ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழுக் காரை விற்றதே கிடையாது. சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், முன்னாடி அந்தக் கோயில் முகப்பு மாதிரி ரேடியேட்டர், அவ்வளவுதான் விற்றாங்க. வாங்கினவர் அதை ஒரு கோச்பில்டர்கிட்ட கொண்டுபோய், தன் உயரத்துக்கும் தன் ஆசைக்கும் தகுந்த மாதிரி பாடி கட்டிக்கணும். துணி எடுத்து டெய்லர்கிட்ட கொடுக்கிற கதை. பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு, த்ரப் அண்ட் மேபர்லி இவங்கெல்லாம் லண்டன் டெய்லர்கள். ரோல்ஸ் ராய்ஸ் 20/25ன்னு ஒரு மாடல், 1929-லிருந்து 1936 வரைக்கும் செஞ்சாங்க, 3,669 சிசி, ஆறு சிலிண்டர். கிட்டத்தட்ட 3,800 சேஸிஸ் வெளியே போச்சு. அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டைத் தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.

அந்த பாடி எப்படி நிக்குதுன்னு தெரியுமா? உள்ளே மரம். எனக்கு இது மாமா சொல்லித்தான் தெரியும், நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சும். இங்கிலாந்தில் ஆஷ்னு ஒரு மரம், கிரிக்கெட் ஸ்டம்ப்புக்குப் பயன்படுத்துறது. வளையும், சட்டுனு உடையாது. அதில் எலும்புக்கூடு மாதிரி சட்டம் கட்டி, மேலே அலுமினியத் தகட்டைத் தோல் மாதிரி போர்த்துவாங்க. கூரை திறக்கிற காருக்கு இந்தச் சட்டம்தான் உயிர். மூடின காருக்கு மேல்கூரையும் சேர்ந்து பாடியை இறுக்கிப் பிடிக்கும். ஷூ டப்பா மூடியோட இருந்தா முறுக்க முடியாது, மூடியை எடுத்துட்டு முறுக்கிப் பாருங்க. கன்வர்ட்டிபிள்ல மூடி கிடையாது. சேஸிஸ் நெளிய நெளிய மரம்தான் அடி வாங்கும். முதல்ல கதவுத் தூண் அடியில் இணைப்பு தளரும், கதவு இறங்கும், மழைத் தண்ணி போய் மரம் இத்துப்போகும். நம்ம ஊர்ல கரையான் வேற.

மாமா போய்ச் சேர்ந்தப்போ அந்தக் கார் எப்படி இருந்ததுன்னு அவர் போன்ல போட்டோ இருக்கு. சேஸிஸ் மேலே ஒரு குப்பை மேடு. பின்பக்கத்து மரத்தைக் கையால் பிடிச்சா மாவா உதிருமாம். இடது பின் மட்கார்டு இல்லவே இல்லை. வலது பக்கத்தை அளந்து, அட்டையில் வெட்டி, கண்ணாடி பிம்பம் மாதிரி திருப்பி, புதுசா அடிச்சார். அலுமினியத்தை அடிக்க அடிக்க அது இறுகிடும், அப்புறம் விரிசல் விடும். அதனால நடுநடுவே சூடு காட்டி இளக்கணும். பிரச்சினை என்னன்னா இரும்பு மாதிரி அது சூடானா சிவக்காது. அப்படியே வெள்ளையா இருந்துகிட்டே திடீர்னு உருகி ஓட்டையாயிடும். மாமா என்ன பண்ணுவார்னா, தகட்டு மேலே துணி துவைக்கிற சோப்பைத் தேய்ச்சுட்டு பின்பக்கத்திலிருந்து கேஸ் காட்டுவார். சோப்புக் கோடு கறுப்பானதும் நெருப்பை எடுத்துடணும். தெர்மோகப்பிள் கிடையாது, இன்ஃப்ராரெட் கன் கிடையாது. பத்து ரூபாய் சோப். நான் மெட்டலர்ஜி பேப்பர்ல அனீலிங் பத்திப் பதினாறு மார்க் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதினவன். வேப்பமரத்தடியில அந்த சோப் கறுப்பாகிறதைப் பார்த்த அன்னிக்குத்தான் நான் என்ன எழுதினேன்னே எனக்குப் புரிஞ்சது.

மரத்துக்கு வருவோம். ஆஷ் இங்கே கிடைக்கல. தேக்கில் கட்டினாங்க. தேக்கு ஒண்ணும் மட்டமான மரம் இல்லை. எண்ணெய்ச் சத்து உள்ளது, கரையான் சுலபத்தில் தொடாது, நம்ம ஊர் வெயிலுக்கு ஆஷை விட நல்லாவே தாங்கும். என் கருத்து, அந்தக் காருக்கு நடந்த நல்ல காரியங்கள்ல அது ஒண்ணு. ஆனா அது 1930களில் லண்டன்ல கட்டின பாடி இல்லை. பின்பாதி சட்டம் தேக்கு, இடது மட்கார்டு மாமா, ரெண்டு கதவுத் தோலும் மாமா, பின் டிக்கி மூடி மாமா. கூரைத் துணி சென்னையில் ஒரு குஷன் கடைக்காரர். இதை எல்லாம் சேர்த்துத்தான் விளம்பரம் ‘ஒரிஜினல் பாடி’ன்னு சொல்லுது.

அப்போ அது பொய்யா? இந்த இடத்தில் நான் ரெண்டு வாரம் மாட்டிக்கிட்டேன். உங்களையும் மாட்டிவிடுறேன்.

1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கேஸ் வந்தது. பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ‘ஓல்டு நம்பர் ஒன்’ன்னு செல்லப் பேரு. 1929, 1930 ரெண்டு வருஷமும் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயிச்ச வண்டி. கூரையே இல்லாத பந்தயக் கார், ஆனா அந்தக் காலத்துப் பணக்கார பிரிட்டிஷ் கார்களில் உச்சம். அதை ஒருத்தர் 1 கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். வாங்குற கம்பெனி கடைசி நேரத்தில் பின்வாங்கினாங்க. அவங்க வாதம்: ‘இது அந்தக் காரே இல்லை. பந்தயத்துக்குப் பந்தயம் பாகம் மாத்தினீங்க. 1932-இல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத்தில் இது விபத்தாகி ஓட்டினவர் செத்துப்போனார், அப்புறம் திரும்பக் கட்டினீங்க. இன்ஜின் வேற, பாடி வேற. 1929-இல் ஓடினதில் மிச்சம் என்ன இருக்கு?’ நீதிபதி ஓட்டன் ஒவ்வொரு பாகமா வரலாறு கேட்டார். உண்மையிலேயே ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம். ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம். காரணம், அந்தக் கார் என்னிக்குமே காணாமப் போகல, நடுவில் வேற எதுவும் அந்தப் பேரை எடுத்துக்கல. ஒரே வண்டி தொடர்ச்சியா வாழ்ந்து, வாழும்போதே மாறிக்கிட்டு வந்திருக்கு. அதனால அது ஒரிஜினல்னு சொல்ல முடியாட்டாலும் நிஜம்தான், போலி இல்லைன்னார்.

இதைப் படிச்சப்போ பெரிய தத்துவம் மாதிரி இருந்தது. அப்புறம் யோசிச்சா, நம்ம ஊர்க்காரங்களுக்கு இது விஷயமே இல்லை. தேரடி வீதி பலகையில் ஆங்கிலத்தில் ‘கார் ஸ்ட்ரீட்’னு எழுதியிருக்கும். நான் இங்கிலீஷ் மீடியம், சின்ன வயசுல அங்கே கார் நிறுத்துவாங்கன்னுதான் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். (சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேரு இப்பவும் ‘நிலை’க்கும் ‘நிலைமை’க்கும் வித்தியாசம் கேப்பீங்க.) கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் அஞ்சு தேர் மாட வீதி சுத்தி வந்து நிலைக்கு வருது. 2024-இல் பெரிய தேருக்கு மராமத்து பார்த்து, திருவிழாவுக்கு முன்னாடி வெள்ளோட்டம் விட்டாங்களே, நம்ம ஹாஸ்டல்ல பாதி அங்கேதானே இருந்தோம். புது மரம் வெளுப்பாத் தெரிஞ்சது. யாராவது ‘இது ஒரிஜினல் தேர் இல்லை’ன்னு சொன்னாங்களா? திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கு, திருச்சி பெல் நிறுவனத்தோட வேலை. அதுக்காக அது ஆழித்தேர் இல்லைன்னு ஆயிடுமா? தேர் பழசா இருக்கணும்னு யாரும் கேட்கல, ஓடணும்னுதான் கேட்கிறோம்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அதைத் தவறவிட்டா நான் மாமாகிட்ட திட்டு வாங்குவேன். தேரில் புது மரம் வெச்சதை யாரும் மறைக்கல. ஊருக்கே தெரியும், வெள்ளோட்டம் விடுறதே ‘மாத்தியிருக்கோம், சரியா ஓடுதா பாருங்க’ன்னு சொல்லத்தான். லண்டன் கேஸிலும் எந்தப் பாகம் எப்போ மாறினதுன்னு கோர்ட்டு உட்கார்ந்து பார்த்ததாலதான் நிஜம்னு சொல்ல முடிஞ்சது. அதனால என் கணக்கு இதுதான்: மாத்தினது குத்தமே இல்லை. மாத்தினதைச் சொல்லாம ‘ஒரிஜினல்’னு விலை வெக்கிறதுதான் குத்தம். அதில் ரெண்டு பேர் ஏமாறுறாங்க. ஒருத்தர் வாங்குறவர், அவருக்காக நான் ரொம்பக் கண்ணீர் விடப் போறதில்லை. இன்னொருத்தர் மாமா. அவர் நல்லா வேலை செஞ்சதுக்குத் தண்டனையா காணாமப் போறார். மட்கார்டு மோசமா இருந்திருந்தா ‘எவனோ லோக்கல் டிங்கர் கெடுத்துட்டான்’னு ஞாபகம் வெச்சிருப்பாங்க. நல்லா இருக்கிறதால லண்டன்காரன் செஞ்சதாயிடுச்சு.

நம்ம சட்டமும் இதுக்கு உதவல. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டு வந்தாங்க. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின டூவீலர், ஃபோர்வீலர். பதிவு எண்ணில் வி.ஏ.ன்னு எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறு பதிவுக்கு 5,000. தினமும் காலேஜுக்கு ஓட்டிட்டு வர முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். இதெல்லாம் நல்ல விதி. ஆனா கூடவே ஒரு நிபந்தனை: வண்டி ஒரிஜினல் வடிவத்தில் இருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. நோக்கம் எனக்குப் புரியுது, பழைய வண்டி பேர்ல நாலு பாகத்தை ஒட்டிப் புது வண்டி செய்யிறவங்களைத் தடுக்கணும். ஆனா தொண்ணூறு வருஷம் நம்ம ஊர் மழையில் நின்ன மரச்சட்டத்தை மாத்தாம எப்படிங்க ஓட்டுறது? விதி இப்படி இருந்தா ஓனர் என்ன பண்ணுவார்? ‘எதுவும் மாத்தல’ன்னு சொல்லுவார். உண்மையைச் சொன்னா நஷ்டம்ன்ற மாதிரி ஒரு ஃபார்மை நாமே அடிச்சுக் கொடுத்துட்டு, பொய் சொல்றாங்கன்னு புலம்பிப் பிரயோஜனம் இல்லை.

வேற வழி இருக்கு, ஏற்கெனவே எழுதியும் வெச்சிருக்காங்க. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவான்னு ஒண்ணு, 2013-இல் டூரின் சாசனம்னு வெளியிட்டது. அதோட சாரம்: எதையும் செய்யிறதுக்கு முன்னாடி பதிவு பண்ணு, கூடியவரை குறைவா மாத்து, மாத்தினதுல அழியாத அடையாளம் போடு. அடையாளம் போடுன்றதுதான் எனக்குப் பிடிச்சது. புது மட்கார்டுக்கு உள்பக்கம் வருஷமும் ஊரும் பொறிச்சா பத்து நிமிஷ வேலை. விற்கும்போது ஒரு ஃபைல் கூடப் போகணும்: முன், பின் போட்டோ, எந்த மரம், எந்தத் தகடு, யார் செஞ்சாங்க. அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் டைப் பண்றேன்.

‘விலை இறங்குமே’ன்னு சொல்லுவீங்க. இறங்கலாம், இறங்கட்டுமே. பிளேஸ்மென்ட் ரெஸ்யூமேல ‘பைத்தானில் நிபுணர்’னு போட்டுட்டு இன்டர்வியூல முழிக்கிற நமக்கு இந்த வலி புரியாதா என்ன!

இன்னொரு எதிர்ப்பு இன்னும் கொஞ்சம் நியாயமானது. என் ரூம்மேட் கேட்டான்: "மகாராஜா வண்டிக்கு எதுக்குடா நீ கவலைப்படுற? மக்கள் வரியில வாங்கினது, இப்போ கோடீஸ்வரன் கராஜ்ல நிக்குது." அவன் சொல்றதில் உண்மை இருக்கு. ராஜ்கோட் சமஸ்தானத்துக்கு 1934-இல் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் ஃபான்டம் 2 வந்தது. காவி நிறம், த்ரப் அண்ட் மேபர்லி கட்டின பாடி, கூரை திறக்கிற வண்டி, ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ன்னு பேரு. 7,668 சிசி. அந்த வருஷம் ராஜ்கோட் விவசாயி ஒருத்தர் என்ன சாப்பிட்டார்னு எந்தக் கேட்டலாக்கும் சொல்லாது. அந்தக் கார் வெளிநாடு போய், கை மாறி, ஏலத்துக்கு வந்து, பல வருஷம் கழிச்சு அதே ராஜ குடும்பத்துக்கே திரும்பி வந்தது. ஊரே திருவிழா மாதிரி எழுதினாங்க. எனக்கு அதில் பெரிய புல்லரிப்பு ஒண்ணும் இல்லை.

ஆனா ரூம்மேட்டுக்கு நான் சொன்ன பதில்: அந்த வண்டியில் ராஜா செஞ்சது எது? காசு கொடுத்தார், உட்கார்ந்தார். வளைவு ஒவ்வொண்ணும் லண்டன்ல ஏதோ ஒரு தகடு அடிக்கிற ஆளோட தோள்பட்டை. கதவடியில் பித்தளைத் தகட்டில் கோச்பில்டர் கம்பெனி பேரு இருக்கும், அந்த ஆள் பேரு அதிலும் இருக்காது. அவனும் நம்ம மாமா மாதிரிதான். அந்தக் கம்பெனி அவனை மறைச்சது, இப்போ அந்தக் கம்பெனி பேரு மாமாவை மறைக்குது. ராஜாவை வெறுக்கிறதுக்காக இவங்க ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிப்போட முடியாது.

போன வருஷம் ஐ.வி.க்கு கோயம்புத்தூர் போனப்போ அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் கூட்டிட்டுப் போனாங்களே. 2015-இல் திறந்தது, ஜி.டி. நாயுடு குடும்பத்தோடது. ரோல்ஸ் ராய்ஸ் முன்னாடி நாம எல்லாரும் செல்ஃபி எடுத்தோம். நல்ல மியூசியம், இன்ஜினை வெட்டிக் காட்டியிருக்கிறதெல்லாம் நம்ம லேபை விடப் பத்து மடங்கு தெளிவு. அடுத்த தடவை போனா ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: இந்த வண்டியை இந்த நிலைக்குக் கொண்டு வந்த கை யாரோடது? அங்கே மட்டும் இல்லை, சென்னையில் 2023-இல் திறந்த ஏவிஎம் ஹெரிட்டேஜ் மியூசியத்திலும், எந்த விண்டேஜ் ரேலியிலும் கேளுங்க. ஓனர்களில் பல பேர் சந்தோஷமா அந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவாங்கன்னுதான் நினைக்கிறேன். யாரும் கேட்டதில்லை, அதான்.

நமக்கு இதில் என்னன்னு ஒரு கேள்வி இருக்கு. எனக்கு ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, ஐ.டி. கம்பெனி, வர்ற ஜூலை ஜாயினிங். போகப் போறேன், வீட்டு லோன் காத்திருக்கு, இதில் வீர வசனம் எதுவும் கிடையாது. ஆனா மாமாவுக்கு வலது காது பாதிதான் கேட்குது, முப்பது வருஷம் சுத்தியல் சத்தம். பட்டறையில் கத்துக்க வந்த கடைசிப் பையன் டெலிவரி வேலைக்குப் போயிட்டான், அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது. பட்டி பூசி மறைக்கிறதுக்கு எவ்வளவோ பேர் இருக்காங்க. பட்டியே இல்லாம தகட்டை நேராக்குற ஆள் இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்.

அவருக்குத் தெரிஞ்சது எதுவும் நம்ம சிலபஸ்ல இல்லை. அந்தக் காரோட போல்ட் எல்லாம் விட்வொர்த் அளவு. மரைக் கோணம் 55 டிகிரி, நம்ம மெட்ரிக் 60. ஸ்பேனர் மேலே போட்டிருக்கிற எண் போல்ட் தலையோட அகலம் இல்லை, தண்டோட விட்டம். இது தெரியாம மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டுத் திருகி போல்ட் தலையை உருண்டையாக்கின புண்ணியவான் நான்தான். பேரிங் தனியா கடையில் வாங்கிப் போடுறது இல்லை, வெள்ளீயக் கலவையை உருக்கி கனெக்டிங் ராடிலேயே ஊத்தி, ஆறினதும் நீலம் தடவிச் சுரண்டிச் சுரண்டிப் பொருத்தணும். இப்போ இ-20 பெட்ரோல் வேற. எத்தனால் பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். சில பழைய கார்புரேட்டர்களில் அரக்கு பூசின கார்க் மிதவை இருக்கும், அரக்கு ஆல்கஹாலில் கரையும். மிதவை மூழ்கினா பெட்ரோல் வழியும். ஒரு நல்ல ஃபைனல் இயர் புராஜெக்ட் இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நாம என்ன பண்றோம்? சீனியர் ரிப்போர்ட்டோட அட்டையை மாத்துறோம். அதுவும் ஒரு வகை ரெஸ்டோரேஷன்தான், ஃபைல் மட்டும் கிடையாது.

மாமாகிட்ட கடைசியா கேட்டேன், அந்த ஓனருக்கு ஒரு மெசேஜ் போடலாமா, விளம்பரத்தில் உங்க பேரைச் சேர்க்கச் சொல்லி. அவர் ஒத்துக்கல.

"கூலி பேசினோம், வாங்கினோம், முடிஞ்சுது. நாளைக்கு இன்னொரு வண்டிக்குக் கூப்பிடுவாங்க. வாயைக் கெடுத்துக்கலாமா?"

"மரம் ஆஷ் இல்ல, தேக்குன்னு வாங்குறவங்களுக்குத் தெரிய வேணாமா மாமா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. டோலி கட்டையைத் துணியால துடைச்சுக்கிட்டே இருந்தார். "தேக்குன்னு சொன்னா கௌரவக் குறைச்சலா அவங்களுக்கு? நான் போட்டது மொத ரகம்டா" என்றார். கோபம் அப்போதான் வந்தது அவருக்கு. பேரு போடாததுக்கு இல்லை, தேக்கை மறைச்சதுக்கு.

அதனால மெசேஜ் போடல. அது அவர் முடிவு, அவர் பிழைப்பு. நான் அதை மீற மாட்டேன், இந்தக் கட்டுரையில் அந்தக் காரை அடையாளம் காட்டாததும் அதனாலதான். ஆனா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு. இடது பக்கம் மாமா போன்ல இருக்கிற பழைய போட்டோவைப் பிரின்ட் போட்டு ஒட்டுறேன். வலது பக்கம் அவர் சொல்லச் சொல்ல எழுதுறேன்: என்ன இருந்தது, எதை எடுத்தோம், எதைப் போட்டோம், தகடு எத்தனை கேஜ், மரம் எங்கே வாங்கினது, எத்தனை நாள் ஆச்சு. அவர் பேசுறது திருவண்ணாமலைத் தமிழ், நான் எழுதுறது இங்கிலீஷ் மீடியம் தமிழ், எழுத்துப்பிழையை அக்கா திருத்துறா. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்குது, பௌர்ணமி வந்தா அதுவும் இல்லை, பட்டறை வாசல்ல வண்டி வரிசை கட்டி நிக்கும்.

இப்போதைக்கு வலது பக்கக் கதவு வரைக்கும் வந்திருக்கோம்.